மாடியில் குளித்தால் கீழ்வீட்டில் சொட்டுகிறது: டைல்ஸை உடைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான். 14 வருடப் பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு. ஷவருக்கு நேர் கீழே, முதல் மாடிக் குளியலறையின் கூரையில் ஓதம் ஏறி, சில நாட்களில் சொட்டவும் செய்கிறது. ஷவர் பக்கம் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் கரைந்து போயிருக்கிறது. ஒரு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "தரையை முழுக்க உடைச்சுத்தான் ஆகணும்" என்கிறார். இன்னொருவர், "டைல்ஸ் மேலேயே கெமிக்கல் பூசிடலாம், ஒரே நாள் வேலை" என்கிறார். கீழ்வீட்டு அம்மா வாரம் இரண்டு முறை கதவைத் தட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே இருவரும் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். வீட்டு ரிப்பேர் வேலைகளில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை குளியலறை ஒழுகலில் பணம் வீணாவது தப்பான பொருளால் அல்ல, தப்பான இடத்தை உடைப்பதால்தான்.

முதலில் ஒரு விஷயம். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஓடு தண்ணீரைத் தடுக்கும், சரி. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைத்திருப்பது வெள்ளை சிமெண்ட். அது கொஞ்சமாவது தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். அந்தத் தண்ணீரைப் பிடித்து ட்ராப் (தரையில் தண்ணீர் வடிந்து இறங்கும் வாய்) பக்கம் அனுப்ப வேண்டியது டைல்ஸுக்கு அடியில் பூசியிருக்கும் வாட்டர் ப்ரூஃபிங். கீழ்வீடு வரை தண்ணீர் போகிறது என்றால், குழாய் உடைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பூச்சு எங்கேயோ விட்டிருக்க வேண்டும், அல்லது கட்டும்போதே போடாமல் விட்டிருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு டார்ச், ஒரு புனல், பழைய துணி, பென்சில் போதும். அதற்கு முன் கீழ்வீட்டுக்குப் போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஓதம் இருக்கும் இடத்தில் லைட்டோ, எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால் அந்த சர்க்யூட்டை உடனே அணைக்கச் சொல்லுங்கள். ஸ்லாபுக்குள் வயர் போகும் பைப் வழியாகத் தண்ணீர் ஓடி லைட் பெட்டியில் இறங்குவது சாதாரணமாக நடப்பதுதான். அடுத்து, கூரையில் வெறும் வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா, இல்லை துருக்கறை தெரிகிறதா, காரை பெயர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். உப்பு மட்டும் என்றால் நிதானமாக வேலை பார்க்கலாம். துருக்கறையோ கம்பியோ தெரிந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். அதன் மேல் காரை பூசி மறைப்பது ஆபத்து. கிளம்பும் முன் ஓதத்தின் ஓரத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வாருங்கள். இந்தக் கோடு பின்னால் பல வாக்குவாதங்களைத் தீர்க்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். குளியலறையில் மூன்று விதத் தண்ணீர் உண்டு. சுவருக்குள் குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்பது ஒன்று. குளிக்கும்போது சுவரிலும் தரையிலும் விழுவது இரண்டாவது. ட்ராப் வழியாக இறங்கிக் கழிவுக் குழாயில் போவது மூன்றாவது. மூன்றுமே கீழே ஒரே இடத்தில் சொட்டலாம், ஆனால் சொட்டும் நேரம் மாறும். வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் ஊருக்குப் போனபோதும் ஓதம் குறையவில்லை என்றால் அழுத்தக் குழாய் மேல்தான் முதல் சந்தேகம். குளித்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டி, அப்புறம் நின்றுவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடிகளில் பல இடங்களில் குளியலறை ஸ்லாபை ஏறக்குறைய ஒரு அடி பள்ளமாக இறக்கிப் போட்டு, அதற்குள் கழிவுக் குழாயை ஓட்டி, மீதியைச் செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள். மேலே கசியும் தண்ணீர் இந்தப் பள்ளத்தில் தொட்டி மாதிரி தேங்கி, நிதானமாக இறங்கும். அதனால் குளிப்பதை நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் கீழே ஈரம் இருக்கலாம். நேற்று சோதித்து இன்று முடிவு சொல்ல முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஓரிரு நாளாவது இடைவெளி விடுங்கள். அந்த நாட்களில் வேறு குளியலறையைப் பயன்படுத்துங்கள். நல்லபடி கட்டிய கட்டிடத்தில் இந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து வெளிப்புற ஷாஃப்ட் (குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளி) பக்கம் ஒரு சின்ன பைப் நீட்டியிருப்பார்கள். ஷாஃப்டில் எட்டிப் பாருங்கள். அதிலிருந்து சொட்டினால் பள்ளம் நிறைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் சோதனை வால்வு. குளியலறைக்கு வரும் வால்வை (சில வீட்டில் கதவுக்கு மேலே இருக்கும், சிலதில் மொட்டை மாடியில்) இரவு முழுக்க மூடி வையுங்கள். கீசருக்குப் போகும் லைனும் சேர்த்து மூட வேண்டும். குளிக்காத நாட்களிலும் விடாமல் இருந்த சொட்டு இப்போது நின்றால் குழாய்தான். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிளம்பரை வைத்துக் குழாய் வாய்களில் டம்மி பிளக் போட்டு, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் மீட்டர் முள் அசையாமல் நின்றால் குழாய் நிரபராதி. அண்மையில் பிரஷர் பம்ப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். மாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இருந்தால்தான் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) கிடைக்கும். அரை கிலோவில் 14 வருடம் சும்மா கிடந்த ஜாயின்ட், பம்ப் 2 கிலோ கொடுத்ததும் வாயைத் திறந்துவிடும்.

இரண்டாவது சோதனையைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் குழாயான மிக்ஸரிலிருந்து மேலே ஷவர் வரை போகும் குழாய், ஷவரைத் திறக்கும்போது மட்டும்தான் நிறையும். வால்வு சோதனையில் இது மாட்டாது. அங்கே ஓட்டை இருந்தால் ஷவரில் குளிக்கும் நாளில் மட்டும் கீழே சொட்டும், பார்ப்பவர்கள் தரையைக் குற்றம் சொல்வார்கள்.

ஒரு வீட்டில் இப்படித் தரையை இரண்டு முறை உடைத்துப் போட்டிருந்தார்கள். நான் போனபோது மூன்றாவது முறை உடைக்க மணல் வந்து இறங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம், "நீங்க பக்கெட்டா, ஷவரா?" என்று கேட்டேன். "நாங்க ரெண்டு பேரும் பக்கெட்தான். பையன் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா அவன்தான் ஷவர்ல நிப்பான்" என்றார். கீழ்வீட்டில் விசாரித்தால், ஒழுகல் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறதாம்! ஷவர் ஆர்மை (சுவரிலிருந்து ஷவருக்கு நீளும் குழாய்) கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். டைல்ஸும் கலவையும் சேர்த்துச் சுவர் தடித்ததில் ஆர்ம் மாட்டும் எல்போ (வளைவு இணைப்பு) ஆழத்துக்குப் போயிருந்தது. ஆர்மின் மரை இரண்டே சுற்றுதான் பிடித்திருக்கிறது. மீதி தண்ணீர் சுவருக்குள். நீளத்தைக் கூட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் நிப்பிள், கொஞ்சம் டெஃப்லான் டேப்போடு வேலை முடிந்தது. இறங்கிய மணலை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

நீங்கள் இதைச் சோதிக்க ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, ஒரு ஹோஸ் பைப்பை மாட்டி, தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தரையில் படாமல் வாளியில் பிடித்து வேறு இடத்தில் கொட்டுங்கள். கால் மணி நேரம் ஓடட்டும். கீழே ஈரம் வந்தால் ஆள் மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது, ட்ராப். ஜாலியை எடுத்துவிட்டு புனலை நேராக ட்ராப் வாயில் வைத்து, ஓரம் நனையாமல் நான்கைந்து வாளி ஊற்றுங்கள். இதில் சொட்டினால் ட்ராப்போ, அதிலிருந்து போகும் குழாயின் ஜாயின்ட்டோ விட்டிருக்கிறது.

நான்காவது, தரை. துணியை பிளாஸ்டிக் பையில் சுருட்டி ட்ராப் வாயை இறுக அடையுங்கள். கதவு நிலைக்குக் கீழேயே நிற்கும்படி ஒரு இஞ்ச் தண்ணீர் கட்டி, கேசரிக்குப் போடும் கலர் பவுடரைக் கொஞ்சம் கலந்து, 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே கலர் வந்தால் கேள்வியே இல்லை. வராவிட்டாலும், மட்டம் கணிசமாக இறங்கியிருந்தால் அது ஆவியாகப் போன தண்ணீர் மட்டும் அல்ல. துணி நீலத்தைக் கலக்காதீர்கள், இடுக்கெல்லாம் கறை பிடிக்கும். இதில் ஒன்றும் இல்லையென்றால் கடைசியாகச் சுவர்: ட்ராப்பைத் திறந்து வைத்து, கை ஷவரால் டைல்ஸ் சுவரை மட்டும் அரை மணி நேரம் நனைத்துப் பாருங்கள். சோப்பு ஸ்டாண்டு, டவல் கம்பி என்று டிரில் போட்ட ஓட்டைகள், மிக்ஸர் தட்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளி எல்லாம் இதில்தான் தெரியும்.

இனி வைத்தியம். உங்கள் விஷயத்தில் குழாய் தப்பித்து, தரையோ சுவரோ மாட்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஷவர் பக்கம் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் கரைந்து போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசிட். போர் தண்ணீரின் உப்பு டைல்ஸில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒரு முறை பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்ப்போம். ஆசிட் உப்பை மட்டும் தின்னாது, சிமெண்டையும் தின்னும். டைல்ஸ் பளபளக்கும், இடுக்கு காலியாகும்.

டைல்ஸ் கெட்டியாக இருந்து இடுக்கு மட்டும் போயிருந்தால் நீங்களே சரி செய்யலாம். கெட்டியா என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை, அங்கே தண்ணீர் ஓடத் தடம் இருக்கிறது. ஓரிரண்டு பொள்ளல் என்றால் அவற்றை மட்டும் எடுத்து மறுபடி ஒட்டலாம். பாதிக்கு மேல் பொள்ளல் என்றால் இடுக்கு அடைப்பதில் அர்த்தம் இல்லை.

பழைய சிமெண்டைச் சுரண்டுவதுதான் இதில் பெரிய வேலை, மேலே மேலே பூசி ஏமாற்றுவதும் இங்கேதான். உடைந்த ஹாக்ஸா பிளேடின் ஒரு துண்டுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஓட்டின் தடிமனில் முக்கால் பங்கு ஆழத்துக்காவது கீறி எடுங்கள். இடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மெல்லிய பிளேடு போட்ட கட்டிங் மிஷினால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் அதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு இழுப்பில் ஓடு சில்லு பெயரும். தூசியை பிரஷ்ஷால் எடுத்து, கழுவி, முழுக்கக் காய விடுங்கள். முழுக்க என்றால் இரண்டு மூன்று நாள், ஃபேன் போட்டு. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது வேறு வழி தேடும்.

அப்புறம் வெள்ளை சிமெண்ட் வேண்டாம், எப்பாக்ஸி கிரவுட் போடுங்கள். பிசின், ஹார்டனர், பொடி என்று மூன்றாக வரும். அளவு மாறினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், எனவே பாதி கலக்க நினைத்தால் தராசில் எடை போட்டுக் கலக்குங்கள். நம் வெயிலில் அரை மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும். கைக்கு அடங்கும் அளவு கலந்து, ரப்பர் பட்டையால் குறுக்காக அழுத்தித் திணித்து, ஓட்டின் மேல் ஒட்டியதை உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். "அப்புறம் துடைச்சுக்கலாம்" என்று விட்டால் ஜென்மத்துக்கும் போகாது. கையுறை கட்டாயம். ஒரு நாள் கழித்து நடக்கலாம், தண்ணீர் படாமல் இன்னும் சில நாள் விட்டால் நல்லது.

தரையும் சுவரும் சேரும் மூலை, இரண்டு சுவர்கள் சேரும் மூலை இந்த இரண்டிலும் எப்பாக்ஸியும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். கட்டிடம் வெயிலுக்கும் குளிருக்கும் லேசாக அசையும், மூலையில்தான் அது தெரியும். அங்கே இறுகிப்போகும் பொருள் எதுவும் முடி போல விரிசல் விடும். குளியலறைக்கென்று விற்கும், பூஞ்சை பிடிக்காத சிலிகான்தான் சரி. இரு பக்கமும் டேப் ஒட்டி, துப்பாக்கியால் ஒரே இழுப்பாக விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்து, இறுகும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது. துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். தரை மார்பிளாக இருந்தால், வினிகர் மாதிரி வாடை அடிக்கும் சிலிகானைத் தவிர்த்து நியூட்ரல் வகை கேளுங்கள், மற்றது கல்லைக் கறைப்படுத்தும். டிரில் ஓட்டைகளிலும் மிக்ஸர் தட்டின் பின்னாலும் இதே சிலிகான்.

ட்ராப் மாட்டினால் கொத்தனார் தேவை. ஆனால் தரை முழுக்க உடைக்க வேண்டியதில்லை. அநேகமாக உடைவது குழாய் அல்ல, ட்ராப் கழுத்துக்கும் சுற்றியுள்ள கலவைக்கும் நடுவில் உள்ள பிடிப்பு. வழுவழுப்பான பிவிசியில் சிமெண்ட் ஒட்டாது. ட்ராப்பைச் சுற்றி ஒரு அடிக்கு எடுத்து, கழுத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சுருங்காத கிரவுட்டால் சுற்றி அடைத்து, அதன் மேல் போடும் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு ட்ராப்பின் வாய்க்குள் மடிந்து இறங்கும்படி பூச வேண்டும். பூச்சு வாயோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான்.

பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தரை எங்கும் பொள்ளல், கலரும் கீழே வந்துவிட்டது என்றால், மேஸ்திரி சொன்னதுதான் சரி, உடைக்கத்தான் வேண்டும். அப்போது அவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை சில. ஸ்லாப் தெரியும் வரை எடுப்பீர்களா, இல்லை டைல்ஸை மட்டும் உரிப்பீர்களா? மூலைகளில் கலவையால் வளைவு போட்டு, வலை ஒட்டி, பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக அடிப்பீர்களா? ஷவர் சுவரில் 6 அடி உயரம் வரை ஏற்றுவீர்களா? வாட்டம் எவ்வளவு? 5 அடி தரைக்கு முக்கால் இஞ்ச் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காது. புது டைல்ஸ் விட்ரிஃபைடு (தண்ணீரை அநேகமாகக் குடிக்காத வகை) என்றால் ஒட்டும் பசைதான் போட வேண்டும், வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேல், பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பாக்கிப் பணத்தில் பெரிய பங்கை இந்தச் சோதனைக்குப் பிறகு என்று பேசி வையுங்கள்.

அந்த ஒரு நாள் கெமிக்கல்? இடுக்கில் ஊறி இறங்கும் நிறமற்ற திரவம் அது. மயிரிழை விரிசலுக்கு ஓரளவு கேட்கும், ஓட்டைக்குக் கேட்காது. வாடகைக்காரர் காலி செய்யும் வரை தள்ளிப்போட அதைப் பயன்படுத்துபவர்களை அறிவேன். கீழ்வீட்டுக் கூரையில் துளை போட்டு ஊசி மருந்து மாதிரி கெமிக்கல் ஏற்றுவதையும் சிலர் சொல்வார்கள். சொட்டு நிற்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் பள்ளத்திலேயே தேங்கி நிற்கும், ஸ்லாப் கம்பி அதில் ஊறும். மேலே சரி செய்துவிட்டு, மீதமுள்ள விரிசலுக்குக் கீழிருந்து ஏற்றினால் அது வேறு கதை.

பழுது உங்கள் குளியலறைக்குள் என்றால் செலவு பொதுவாக உங்களுடையது. ஷாஃப்டில் இறங்கும் பொதுக் குழாயில் என்றால் சங்கத்திடம் பேசுங்கள். சோதனைகளைக் கீழ்வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள். தரையில் தண்ணீர் கட்டிவிட்டு அவர் வீட்டுக் கூரையைச் சேர்ந்து நின்று பார்த்த பிறகு பேச்சின் சூடு தணிவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் அவர் கேட்கும் முதல் விஷயம் கூரைக்குப் பெயிண்ட். உடனே அடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்லாபில் ஊறிய ஈரம் வடிய ஒரு மாதமோ, பள்ளம் நிறைந்திருந்தால் அதற்கும் மேலோ ஆகும். அதற்கு முன் அடித்த பெயிண்ட் கொப்புளம் விடும், "இன்னும் ஒழுகுது" என்று மறுபடி கதவு தட்டப்படும். வாரம் ஒரு முறை போய், ஓதம் பென்சில் கோட்டுக்கு உள்ளே சுருங்குகிறதா என்று மட்டும் பார்த்து, புதிய ஓரத்தில் இன்னொரு கோடும் தேதியும் போட்டுவிட்டு வாருங்கள்.